ஆண் சிங்கக் கூட்டணிகளைத் தொடர எந்த வழி: திருகோணமலையிலிருந்து ஓர் ஒப்பீடு

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இப்போது ஏழு பேர் இருக்கிறோம். உயிரியல் கற்பித்து ஓய்வுபெற்ற நானும், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருக்கும் நான்கு பிள்ளைகளும், நிலாவெளியில் படகோட்டும் தம்பி ஒருவரும், வங்கியில் வேலை பார்க்கும் ஒருவரும் ஞாயிறு காலைகளில் என் வீட்டு விறாந்தையில் கூடுகிறோம். அடுத்த ஓராண்டுக்குக் காட்டு ஆண் சிங்கக் கூட்டணிகளில் ஒன்றிரண்டைத் தெரிவுசெய்து, அவை எந்த நிலத்தை எத்தனை காலம் வைத்திருக்கின்றன, எப்போது இழக்கின்றன என்பதை மாதம் ஒரு வரைபடமாக வரைந்து வருவதென்று தீர்மானித்தோம். பணம் செலவழிக்கவும் ஆபிரிக்காவுக்குப் போகவும் எங்களால் இயலாது. ஆகவே பிறர் திரட்டித் தரும் தரவுகளில் எதை நம்பி எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவிடுவது என்பதே கேள்வியாயிற்று. மூன்று வாரம் பேசிய பிறகு வந்தடைந்த முடிவையும், அதற்கு முன் ஒவ்வொரு வழியையும் எப்படி எடைபோட்டோம் என்பதையும், இதே ஆர்வமுள்ள தமிழ் வாசகர்களுக்காக எழுதுகிறேன்.

இலங்கையில் இன்று காட்டுச் சிங்கம் இல்லை. குருவிட்டப் பகுதியில் கிடைத்த பல் எச்சங்களைக் கொண்டு தொல்லுயிரியலாளர் பி. ஈ. பி. தெரணியகல 1939இல் ஓர் அழிந்துபோன சிங்கத் துணையினத்தை விவரித்தார் என்பதுதான் இத்தீவுக்கும் காட்டுச் சிங்கத்துக்குமுள்ள தொடர்பு. எங்கள் பிள்ளைகள் சிங்கத்தை அறிந்தது அம்மன் கோயில் திருவிழாவில் வெளிவீதி வரும் வாகனமாகத்தான். பிடரியை விரித்து, வாயைத் திறந்து, தனியாக நிற்கும் ஓர் உருவம் அது. காட்டில் ஆண் சிங்கம் பெரும்பாலும் தனியாக வெல்வதில்லை என்பதும், அதன் வாழ்வு முழுவதும் ஒரு துணைவனை நம்பியிருக்கிறது என்பதும் அவர்களுக்குப் புதிய செய்தியாக இருந்தன. அந்த வியப்பிலிருந்துதான் இந்த ஆண்டுத் திட்டமே பிறந்தது.

வழிகளை ஒப்பிடுமுன் எதைத் தொடர்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இளம் ஆண்கள் இரண்டு மூன்று வயதில் பிறந்த குடும்பக் கூட்டத்தை விட்டு வெளியேறுகின்றன. உடன் பிறந்தவையோ வழியில் சேர்ந்தவையோ ஒன்றாக அலைந்து, வலிமை வந்ததும் வேறொரு பெண் கூட்டத்தின் ஆண்களை விரட்டிவிட்டு அவ்விடத்தைப் பிடிக்கின்றன. இவ்வாறு சேர்ந்து நிற்கும் ஆண்களையே கூட்டணி என்கிறோம். இருவர் மூவராக இருப்பதே வழமை; அரிதாக ஒன்பது வரை எண்ணப்பட்டிருக்கிறது. தன்சானியாவின் செரெங்கெட்டிச் சிங்கங்களின் மரபணுவை ஆராய்ந்து 1991இல் வெளியான ஆய்வு, பெரிய கூட்டணிகள் நெருங்கிய உறவினரால் ஆனவை என்றும், சிறிய கூட்டணிகளில் உறவில்லாத ஆண்களும் சேர்ந்திருக்கக்கூடும் என்றும் காட்டியது. ஒரு கூட்டணியின் ஆட்சி பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகளே நீடிக்கிறது. புதிய ஆண்கள் வந்ததும் சிறு குட்டிகள், குறிப்பாக ஒன்பது மாதத்துக்குக் குறைந்தவை, பெரும்பாலும் கொல்லப்படுகின்றன. குட்டியை இழந்த தாய் விரைவில் மீண்டும் இணைசேரத் தயாராகிறது. ஆகவே ஒரு நிலத்தில் ஆண்கள் மாறும் நாள், அங்குள்ள பெண்களுக்கும் குட்டிகளுக்கும் எல்லாம் மாறும் நாள். அந்த நாளைத் தவறவிடும் எந்த முறையும், எத்தனை அழகான வரைபடம் தந்தாலும், எங்களுக்கு உதவாது.

இன்னொரு வேறுபாட்டையும் பிரித்தறிய வேண்டும். ஒரு சிங்கம் நடக்கும் இடமெல்லாம் அதன் ஆள்புலம் ஆகிவிடாது. நடமாட்டப் பரப்பு என்பது அது போய்வரும் நிலம். ஆள்புலம் என்பது கர்ச்சித்தும், மரங்களிலும் புதர்களிலும் சிறுநீர் தெளித்தும், தேவைப்பட்டால் உயிரைக் கொடுத்தும் அது காக்கும் நிலம். அயலான் நிலத்துக்குள் இரவில் ஓசையின்றிப் புகுந்து விடியுமுன் திரும்பும் ஆண், வரைபடத்தில் புள்ளி வைக்கும். ஆனால் அங்கே அது திருடன். இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டு எல்லைக்கோடு போடுவதுதான் இத்துறையில் ஆர்வலர் செய்யும் பெரிய தவறு என்று நான் நினைக்கிறேன்.

முதலில் எல்லோருக்கும் எளிதில் கிடைக்கும் வழியைப் பார்ப்போம். தென்னாபிரிக்காவின் சபி சாண்ட் தனியார் காப்பகம் ஏறத்தாழ 65,000 ஹெக்டேயர் பரப்புள்ளது. அதாவது எங்கள் திருகோணமலை மாவட்டத்தின் கால்பங்கு. அதற்கும் குரூகர் தேசியப் பூங்காவுக்கும் இடையிலிருந்த வேலி 1993இல் அகற்றப்பட்டதிலிருந்து விலங்குகள் தடையின்றிப் போய்வருகின்றன. அங்குள்ள விடுதிகள் காலையும் மாலையும் விருந்தினரைத் திறந்த வாகனங்களில் அழைத்துச் செல்கின்றன. வழிகாட்டிகள் கண்டதைப் படத்தோடு எழுதி வெளியிடுகிறார்கள். ஒரே கூட்டணியை ஆண்டுக்கணக்கில், ஏறத்தாழ நாள்தோறும், பல கண்கள் பார்த்த பதிவு இதைப்போல் வேறெங்கும் பொதுமக்களுக்குக் கிடைப்பதில்லை.

மாபோகோ என்ற கூட்டணியின் கதை உலகறிந்தது இந்த வழியாகத்தான். ஆறு ஆண்கள், 2006 முதல் 2012 வரை சபி சாண்டின் பெரும்பகுதியைத் தம் பிடியில் வைத்திருந்தன. ஒரு கட்டத்தில் அவற்றுள் கிங்கி டெயில், மிஸ்டர் டீ என்று பெயரிடப்பட்ட இரண்டும் பிரிந்து வேறொரு பகுதியை ஆண்டன. மற்ற நான்கும் மேற்கில் நின்றன. 2010இல் புதிதாக வந்த மஜிங்கிலானே கூட்டணி கிங்கி டெயிலைக் கொன்றது. மிஸ்டர் டீ பழைய துணைவர்களிடம் திரும்பியது. 2012இல் அதுவும் வேறு இளம் ஆண்களால் கொல்லப்பட்டது. இந்த வரலாற்றைப் படிக்கும்போதே ஒரு சிக்கல் தெரிந்துவிடும். மிஸ்டர் டீ என்று ஒரு விடுதி எழுதியதை இன்னொரு விடுதி சாத்தான் என்று எழுதியது. இரண்டும் ஒரே சிங்கம் என்று அறியாத புதியவர் ஏழு ஆண்களின் வரைபடத்தை வரைந்திருப்பார்.

எங்கள் படகோட்டித் தம்பி இதைக் கேட்டதும் ஒன்று சொன்னார். திமிங்கிலம் பார்க்கப் பயணிகளை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போகும் நாட்களில், ஒரு படகுக்காரர் நீர்ப்பீச்சலைக் கண்டு கைப்பேசியில் சொன்னால் மற்றப் படகுகளெல்லாம் அங்கே திரும்புமாம். ஒரே நீலத் திமிங்கிலம் மூச்செடுக்க மூன்று முறை மேலே வந்தால் மூன்று என்று எழுதுவோரும் உண்டாம். “ரீச்சர், பின்னேரம் அந்தக் குறிப்பையெல்லாம் சேர்த்துப் படம் கீறினால் திமிங்கிலம் போன பாதை வராது, நாங்கள் போன பாதைதான் வரும்” என்றார். சபி சாண்ட் பதிவுகளின் குறையை இதைவிடத் துல்லியமாக நான் எங்கும் கேட்கவில்லை. வாகனம் போகும் வழியில், வாகனம் போகும் நேரத்தில், அந்த விடுதிக்கு உரிமையுள்ள நிலத்தில் மட்டுமே சிங்கம் பதிவாகிறது. கிழக்கே குரூகருக்குள் அது இறங்கிவிட்டால் பல வாரங்கள் பதிவில் இல்லாமல் போகும். வெளியே நின்று படிப்பவர் அதை இறந்ததாகவோ தோற்றதாகவோ எண்ணிவிடுவார்.

இந்தக் குறையை நிரப்பக்கூடியது கழுத்துப்பட்டி. துப்பாக்கியால் மயக்க ஊசி செலுத்தி, விலங்கு மருத்துவர் அருகிலிருக்கப் பொருத்தப்படும் ஜீ.பி.எஸ். பட்டி, வாகனம் போகாத இடத்திலும் வாகனம் ஓடாத நள்ளிரவிலும் சிங்கம் நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டே இருக்கும். இதன் வலிமையை உணர்த்த சிம்பாப்வேயின் ஹ்வாங்கே தேசியப் பூங்காவே போதும். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வுக் குழு 1999 முதல் 2004 வரை அங்கே 62 சிங்கங்களுக்கு அடையாளமிட்டுத் தொடர்ந்தது. அவற்றில் 34 இறந்தன. அந்த 34இல் 24, வேட்டை விளையாட்டுக்காக வந்தவர்களால் சுடப்பட்டவை. அடையாளமிடப்பட்ட வளர்ந்த ஆண்களில் 72 வீதம் இவ்வாறு பூங்காவைச் சூழ்ந்த வேட்டைப் பகுதிகளில் மாண்டன. ஓரத்திலிருந்த ஆண் சுடப்பட்டதும் பூங்காவின் உட்பகுதியிலிருந்து வேறு ஆண்கள் அந்த வெற்றிடத்துக்கு நகர்ந்தன; அவையும் வேட்டைக்காரரின் எல்லைக்குள் வந்து விழுந்தன. வெறும் கண்ணால் பார்த்து எழுதும் எந்தப் பதிவேடும் இந்தத் தொடர்ச்சியைக் காட்டியிருக்க முடியாது. பார்த்தவருக்கு ஓர் ஆண் காணாமற்போயிருக்கும், அவ்வளவே.

2015 ஜூலையில் கொல்லப்பட்ட செசில் இதே ஆய்வின் பட்டி அணிந்திருந்த சிங்கம். அதன் கூட்டாளி ஜெரிக்கோவும் சுடப்பட்டுவிட்டது என்ற செய்தி சில வாரங்களில் உலகமெங்கும் பரவியபோது, ஜெரிக்கோவின் கழுத்துப்பட்டியிலிருந்து வந்துகொண்டிருந்த புள்ளிகளே அது உயிரோடு நடமாடுவதைத் தெரியப்படுத்தின. வதந்தியை ஒரே நாளில் முறிக்கும் ஆற்றல் வேறெந்த முறைக்கும் இல்லை.

ஆயினும் கழுத்துப்பட்டியை நாங்கள் முதல் வழியாகத் தெரிவுசெய்யவில்லை. அதற்கு மூன்று காரணங்கள் இருந்தன. அவற்றில் இரண்டு எளிதானவை. மூலத் தரவு ஆய்வாளர்களிடமே இருக்கும். சிங்கம் இன்று நிற்கும் இடத்தை வெளியிடுவது வேட்டைத் திருடருக்கு வழிகாட்டுவதாகும் என்பதால் அதை மறைத்துவைப்பதே நியாயம். அடுத்து, மின்கலம் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். மறுபடி மயக்கி மாற்ற வேண்டும். மூன்றாவது காரணம்தான் எங்கள் விவாதத்தில் கனமாக நின்றது. ஒரு கூட்டணிக்கு ஒரு பட்டி என்பது ஒரு சிங்கத்தின் கதை; கூட்டணியின் கதையாகாது. மாபோகோ ஆண்களில் மேற்கே நின்ற ஒன்றுக்கு மட்டும் பட்டி கட்டியிருந்தால், கிங்கி டெயிலும் மிஸ்டர் டீயும் பிடித்து வைத்திருந்த நிலம் முழுவதும் வரைபடத்தில் வெறுமையாக இருந்திருக்கும். அதோடு, பட்டி இடத்தைச் சொல்லுமேயொழிய, அங்கே சிங்கம் காவலனாக நின்றதா கள்ளனாகப் பதுங்கியதா என்பதைச் சொல்லாது.

கூட்டணிக்குள்ளேயே உரிமை சமமாக இல்லை என்பதற்குக் குஜராத்தின் கிர் காட்டிலிருந்து வந்த ஆய்வு நல்ல சான்று. ஸ்தோத்ரா சக்ரவர்த்தியும் ய. வி. ஜாலாவும் 2017இல் வெளியிட்ட அவ்வாய்வில், கூட்டணியின் மேலாதிக்கம் பெற்ற ஆண் தன் கூட்டாளியைவிட 47 வீதம் கூடுதலாக உண்பதும், இணைசேரலில் 70 வீதத்துக்கும் மேல் தனதாக்கிக்கொள்வதும் பதிவாயின. இரண்டு ஆண்களும் ஒரே வரைபடப் பரப்புக்குள் நடக்கின்றன. ஆனால் அந்தப் பரப்பு ஒன்றுக்குத் தருவதை மற்றதற்குத் தருவதில்லை. இதை அறிய வேண்டுமானால் யார் எவர் என்று ஒவ்வொன்றையும் முகம் பார்த்துப் பிரித்தறிய வேண்டும். எங்கள் பேச்சு மெல்ல மெல்ல இந்த இடத்துக்கே திரும்பிவந்தது.

தானியங்கிக் கமராவின் கதை வேறு. செரெங்கெட்டியில் 1,125 சதுர கிலோமீற்றர் பரப்பில் 225 கமராக்கள் நிறுவப்பட்டு, அவை எடுத்த படங்கள் 2012 இறுதியிலிருந்து பொதுமக்கள் இணையத்தில் பார்த்து வகைப்படுத்தத் திறந்துவிடப்பட்டன. ஏறத்தாழ 28,000 பேர் பதிவுசெய்து அந்த வேலையில் சேர்ந்தார்கள். 2010 முதல் 2013 வரையான காலத்தில் மட்டும் 12 இலட்சம் படத் தொகுதிகள் திரண்டன. அவற்றில் விலங்கு தென்பட்டவை 322,653. எங்கள் பிள்ளைகளில் இருவர் இதையே செய்வோம் என்று பிடிவாதமாக நின்றார்கள். காரணமும் நேர்மையானது: இங்கே நாம் வெறும் வாசகர் அல்லர், வேலையில் கைகொடுப்பவர். கமரா மனிதர் விருப்பப்படி சிங்கத்தைத் தேடிப் போவதில்லை என்பதும் அதன் பெரும் சிறப்பு. ஆனால் அந்தத் திட்டம் இன்னென்ன விலங்கு எங்கே எப்போது வருகிறது என்பதை அறிய அமைந்தது. இன்ன ஆண் இன்னதென்று அறிய அமைந்ததன்று. இரவுப் படத்தில் பாதி முகமும் ஒரு தோளும் தெரிந்தால் அது ஆண் என்று சொல்லலாம், எந்த ஆண் என்று சொல்ல முடியாது. சமவெளியில் சில கமராக்கள் மரங்களில் கட்டப்பட்டிருக்கும். அந்த மர நிழலுக்கே பகலில் சிங்கம் வந்து படுக்கும். ஆகவே அந்த இடத்தில் சிங்கம் அளவுக்கு மிஞ்சிப் பதிவாகும். பிள்ளைகளுக்குக் கண் பழக இது நல்ல பயிற்சி என்பதால் தனித்தனியே செய்யட்டும் என்று விட்டோம். வட்டத்தின் பொது வேலையாக ஏற்கவில்லை.

தடம் பார்ப்பதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது பழங்காலத்து வழி என்று ஒதுக்கப்படுவதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. நமீபியாவில் ஜூஹோவான் என்ற பழங்குடியைச் சேர்ந்த தடங்காணிகளின் திறமையை அறிவியல் முறைப்படி சோதித்து 1997இல் வெளியிட்டார்கள். தடத்தைக் கொண்டு அவர்கள் கூறியவற்றில் 98 வீதம் சரியாக இருந்தது. எந்த விலங்கு, ஆணா பெண்ணா, எந்த வயது, என்ன செய்துகொண்டிருந்தது, சில வேளைகளில் எந்தத் தனி விலங்கு என்பது வரை அவர்கள் மண்ணில் படித்தார்கள். இதைப் படித்தபோது எனக்குத் தம்பலகாமத்து வயல் வாடி ஒன்றில் கழித்த ஒரு விடியற்காலை நினைவுக்கு வந்தது. இரவு யானை வந்துபோயிருந்தது. காவலிருந்த பெரியவர் வரம்போரச் சேற்றில் பதிந்திருந்த வட்டத் தடத்தருகே குந்தியிருந்து, அதன் நடுவே ஓடிய ஒரு வளைந்த வெடிப்புக் கோட்டை ஈர்க்கால் தொட்டுக் காட்டினார். பாதத்தோலின் வெடிப்பு மண்ணில் அப்படியே அச்சாகியிருந்தது. “இது முந்தநாள் வந்த அலியன் இல்லைப் பிள்ளை, அவனுக்கு இந்தக் கோடு இல்லை” என்றார். அவர் கையில் பட்டியும் இல்லை, கமராவும் இல்லை. ஆனால் எந்த யானை என்ற கேள்விக்கு விடை இருந்தது. சபி சாண்டில் வாகனத்தின் முன்னிருக்கையில் அமர்ந்து தடம் காணும் உள்ளூர்த் தடங்காணிகளின் அறிவும் இத்தகையதே. வெளியாகும் படங்களுக்குப் பின்னால் அவர்கள் உழைப்பு இருப்பதை நாங்கள் மறக்கக் கூடாது. திருகோணமலையிலிருந்து எங்களால் மண்ணைப் படிக்க முடியாது என்பதனால் மட்டுமே இந்த வழி எங்களுக்கு எட்டாததாயிற்று.

குரலைக் கொண்டு தொடர்வது இன்னும் இளம் துறை. சிங்கத்தின் கர்ச்சனை அமைதியான இரவில் எட்டுக் கிலோமீற்றர் வரை கேட்கக்கூடும். ஆள்புலத்தின் எல்லைக்கல் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது இந்தக் குரல்தான். செரெங்கெட்டியில் ஒலிபெருக்கி வைத்து அயல் ஆண்களின் கர்ச்சனையை ஒலிக்கச் செய்த ஆய்வுகள், கூட்டாளி உறவினனாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆண்கள் அந்த ஒலியை நோக்கிச் செல்வதைக் காட்டின. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, கணினியைப் பயிற்றி எந்தச் சிங்கத்தின் கர்ச்சனை என்பதை 91.5 வீதச் சரியோடு அடையாளம் காண முடிந்ததாக அறிவித்தது. ஆனால் அது ஒருசில சிங்கங்களை வைத்துச் செய்யப்பட்ட சோதனை. நிலமற்று அலையும் ஆண்கள் கர்ச்சிப்பதில்லை என்பதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆளும் கூட்டணியைக் கேட்கலாம். அதைக் கவிழ்க்க நெருங்கிவரும் கூட்டணி மௌனமாகவே வரும். ஆட்சி மாறும் நாளைத் தேடும் எங்களுக்கு இந்த மௌனம் பெரிய இடைவெளி.

ஆளில்லா விமானத்தில் வெப்பக் கமரா பொருத்திப் பார்ப்பது பற்றி ஓரிரு வரிகள் போதும். உகாண்டாவின் எலிசபெத் மகாராணி தேசியப் பூங்காவில் 2024 பெப்ரவரி மாதத்து இரவொன்றில், மூன்று கால்களோடு வாழும் ஜேக்கப் என்ற ஆணும் அதன் சகோதரன் டிபுவும் நீர்யானையும் முதலையும் நிறைந்த கசிங்கா கால்வாயை நீந்திக் கடந்ததை இவ்வாறுதான் படமெடுத்தார்கள். தூரம் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோமீற்றர். எங்கள் கிண்ணியாப் பாலத்தின் நீளம் 396 மீற்றர்; 2009இல் அது திறக்கப்படுமுன் அந்த நீரைப் பாதை என்னும் மிதவையில் ஏறிக் கடந்தவர்களுக்கு, அதைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்ட தூரத்தைக் கால் இழந்த ஒரு சிங்கம் இருளில் நீந்தியது என்பதன் பொருள் விளங்கும். பெண்கள் குறைந்துபோன ஒரு பூங்காவில் பெண் துணை தேடியே அவை நீந்தின என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அரிய காட்சி, ஆனால் ஓர் இரவின் காட்சி. மாதாந்த வரைபடத்துக்கு அது அடித்தளமாகாது.

எஞ்சியது முகம். சிங்கத்தின் மீசை மயிர்கள் வரிசையாக முளைக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கரும்புள்ளி உண்டு. முழுமையான மேல்வரிசைக்கு மேலே சில புள்ளிகள் மட்டும் தனித்து நிற்கும். அவை எத்தனை, கீழுள்ள வரிசையின் எந்தப் புள்ளிக்கு நேரே நிற்கின்றன என்பது சிங்கத்துக்குச் சிங்கம் வேறுபடும். இடக் கன்னமும் வலக் கன்னமும்கூட ஒத்திருப்பதில்லை. குட்டிப் பருவத்திலிருந்து சாகும்வரை மாறுவதுமில்லை. பென்னிகுயிக், ருட்னை என்ற இரு ஆய்வாளர்கள் 1970இல் இதை ஒரு முறையாக வகுத்து, இரண்டு சிங்கங்களைத் தவறுதலாக ஒன்றென்று கொள்ளும் வாய்ப்பு எவ்வளவு என்பதையும் கணக்கிட்டுக் காட்டினார்கள். காதுக் கிழிசல், தழும்பு, உடைந்த கோரைப்பல் ஆகியவை துணைச் சான்றுகள். பிடரியை நம்பக் கூடாது. அது வயதோடும் உடல்நிலையோடும் காயத்தோடும் நிறமும் அடர்த்தியும் மாறும். மூக்கின் இளஞ்சிவப்பு வயதோடு கருமையாவது வயதை உத்தேசிக்க உதவுமேயொழிய ஆளை அடையாளம் காண உதவாது. கென்யாவின் மசாய் மாராவில் ஒரு வயதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் 100 சதுர கிலோமீற்றருக்கு 16.85 என்ற மதிப்பீட்டை 2017இல் வெளியிட்டவர்களும் இந்தப் புள்ளிகளைக் கொண்டே ஒவ்வொரு சிங்கத்தையும் பிரித்தறிந்தார்கள்.

இந்த வழி எங்களுக்கு ஏற்றதெனத் தோன்றியதற்குக் காரணம், ஒரு படத்தை வைத்துக்கொண்டு ஏழு பேரும் தனித்தனியே எண்ணிப் பார்த்து, ஒத்துவருகிறதா என்று நாங்களே சோதிக்கலாம் என்பதுதான். மற்ற எல்லா வழிகளிலும் இன்னொருவர் சொல்வதை ஏற்க வேண்டும். வழிகாட்டி எழுதிய பெயர் பிழையாக இருந்தாலும் படத்திலுள்ள கன்னம் பிழையாகாது. சாத்தானும் மிஸ்டர் டீயும் ஒன்றே என்பதை ஒரு பெயர்ப்பட்டியலைப் பார்க்காமலே கண்டறிந்திருக்கலாம்.

எந்த நிலத்துச் சிங்கங்கள் என்பதிலும் போட்டி இருந்தது. 1966இல் ஜோர்ஜ் ஷாலர் தொடங்கி, 1978 முதல் கிரெய்க் பாக்கரும் ஆன் பியூசியும் முன்னெடுத்த செரெங்கெட்டி ஆய்வே நீண்ட கால ஆழத்தில் முதன்மையானது. தலைமுறை தலைமுறையாக ஒவ்வொரு சிங்கத்துக்கும் முகஅட்டை வைத்திருந்த ஆய்வு அது. 1984 முதல் அவர்கள் கூட்டத்துக்கு ஒரு பெண்ணுக்கேனும் வானொலிப் பட்டி கட்டிவந்தார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. நிலத்தோடு பிணைந்திருப்பவை பெண்களே. அவற்றைத் தொடர்ந்தால் அவற்றிடம் வந்துபோகும் ஆண்கள் கண்ணில் படும். ஆனால் எங்களுக்குக் கிடைப்பவை அதன் முடிவுகள். நாள்வாரிப் படங்கள் கிடைப்பதில்லை. கிர் எங்களுக்குத் தூரத்தால் நெருக்கமானது. 2020இல் 674 என்று கணக்கிடப்பட்ட குஜராத்துச் சிங்கங்கள் 2025இல் 891 ஆகியிருக்கின்றன. ஆயினும் கிர் ஆண்கள் பெண் கூட்டத்தோடு ஒன்றாக வாழாமல் பெரும்பாலும் தனியே நடமாடுகின்றன. ஆபிரிக்கச் சமவெளியில் கற்ற கணக்கு அங்கே அப்படியே பொருந்தாது. முதலாண்டிலேயே இரண்டு வகைச் சமூக அமைப்பையும் ஒன்றாகக் கலந்தால் பிள்ளைகள் குழம்புவார்கள் என்று அஞ்சினேன். வங்கித் தம்பிக்கு இதில் இன்னும் மனக்குறை உண்டு. கிர்தான் நம் பக்கத்துச் சிங்கம் என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டாம் ஆண்டுக்கு அதை ஒதுக்கியிருக்கிறோம்.

ஆகவே முதலாண்டுக்குச் சபி சாண்ட். மூலச் சான்று புகைப்படம். அடையாளம் மீசைப் புள்ளிகள். விடுதிப் பதிவுகளின் சாய்வைக் கட்டுப்படுத்த மூன்று விதிகள் வகுத்திருக்கிறோம். ஒரு கன்னமாவது தெளிவாகத் தெரியாத படம், தலைப்பில் எந்தப் பெயர் இருந்தாலும், வரைபடத்தில் ஏறாது. ஒரு சிங்கம் பதிவில் இல்லாத வாரத்தை “இல்லை” என்று எழுதாமல் “காணவில்லை” என்று எழுத வேண்டும். அந்த வாரத்தில் அப்பகுதியில் வேறு பதிவுகள் வந்தனவா என்பதையும் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். கர்ச்சனை, சிறுநீர் தெளித்தல், சண்டை, பெண்களோடு இருத்தல் ஆகியவற்றுள் ஒன்றாவது கூறப்பட்ட இடத்துக்கு நிறைவட்டம். வெறுமனே நடந்ததாக மட்டும் கூறப்பட்ட இடத்துக்கு வெற்று வட்டம். கோட்டை நிறைவட்டங்களைச் சுற்றியே வரைவோம். எங்கள் வரைபடங்களை மூன்று மாதம் கழித்தே பிறரிடம் காட்டுவது என்றும் உறுதிசெய்துகொண்டோம். நாங்கள் வரைவதால் ஒரு சிங்கத்துக்கும் தீங்கு வரக் கூடாது.

போன ஞாயிறு முதற் படத்தை மேசையில் வைத்தோம். காலை ஒளியில் பக்கவாட்டாகத் திரும்பிய ஓர் ஆண். இடக் கன்னம் முழுதாகத் தெரிந்தது. ஏழு பேரும் தனித்தனித் தாளில் எண்ணினோம். நால்வர் மூன்று என்றும் மூவர் இரண்டு என்றும் எழுதியிருந்தோம். நான் மூன்று என்றவர்களில் ஒருத்தி. அதே காலையில் சற்றுப் பின்னர் எடுத்த அடுத்த படத்தைப் பெருப்பித்துப் பார்த்தபோது, மூன்றாவது புள்ளி இருந்த இடம் வெறுமையாக இருந்தது. முதற் படத்தில் அங்கே இருந்தது ஓர் ஈ. பதிவேட்டின் முதல் வரியில் இடது 2 என்றும், இரு படங்களின் திகதியும் எழுதி, வலது என்ற கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம்.